குழாய் எண் பதினொன்று

கீலா மூங்கில் பூத்த வருடம் அது.
பூத்தால் விதை, விதைக்கு எலி,
எலிக்குப் பின்னே ஹாண்டா வைரஸ்,
அதற்கும் பின்னே நாங்கள்:
கோய்ஹைக்கே மருத்துவமனையின் பின்கட்டில்
மூன்று மேசை, ஒரு சுழல் இயந்திரம்,
கதவில் மில்லாலோங்கோ என்ற என் பெயர்,
அதில் ஓர் எழுத்துப் பிழை.

எலாதியோ நவெல்கின் நடந்தே வந்தார்.
விறகு வெட்டுபவர். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த
குடிசையைப் பெருக்கியிருக்கிறார், முகமூடி இல்லாமல்.
காய்ச்சல், இடுப்பு வலி, அவ்வளவுதான் என்றார்.
ஊசி குத்திய நர்ஸிடம்
மாத்தே கிடைக்குமா, சர்க்கரை வேண்டாம்
என்று சிரித்தார்.

அடுத்த கட்டிலில் ஒத்திலியா வெரா.
இருமி இருமி உடம்பே வில்லாய் வளைந்தது.
அவள் கணவன் வராந்தாவில்
தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றான்.
தொப்பி உலர்ந்துதான் இருந்தது.

விமானம் ஒன்று. அதில் படுக்கை ஒன்று.
சந்தியாகோவில், உடலுக்கு வெளியே நின்று
மூச்சு விடும் இயந்திரம், அதுவும் ஒன்றுதான் காலி.
மேகம் இறங்குமுன் கிளம்ப வேண்டும் என்றார் பைலட்.
மருத்துவர் இத்துர்ரா வந்து
என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.
யார் என்று கேட்கவில்லை.
எவ்வளவு என்றார்.

அகத்தை முகம் காட்டாத நோய் இது.
இருமல் கத்தும்; இரத்தத்துக்குக் குரல் கிடையாது.
சுழற்றி நிறுத்தினால்
கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிவு.
அந்தத் தெளிவில்தான் உடம்பின் அடுப்படிக் கணக்கு:
எதை எரித்தது, எதைக் கடன் வாங்கியது,
காற்றில்லாமல் எந்த மூலையில் புகைகிறது,
விதைநெல்லையே குத்திச் சோறாக்கத்
தொடங்கிவிட்டதா.

ஒத்திலியா, குழாய் பத்து: லாக்டேட் ஒன்று புள்ளி மூன்று.
எலாதியோ, குழாய் பதினொன்று: ஐந்து புள்ளி எட்டு.
மறுபடி ஓட்டினேன்.
ஐந்து புள்ளி ஒன்பது.
டிரிப்டோஃபான் தரைதட்டிக் கிடந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் நர்ஸுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்,
இரண்டு கையையும் விரித்து,
பிடித்த மீனின் நீளத்தைக் காட்டி.

ஒத்திலியாவின் கணவனிடம் பேச
யாரும் என்னை அனுப்பவில்லை. நானே போனேன்.
"நடக்கிறவனை ஏற்றுகிறீர்கள்.
மூச்சு முட்டுகிறவளை விட்டுவிடுகிறீர்கள்."
என்னிடம் இருந்தது ஒரு தாள்,
தாளில் இருந்தது ஒரு தசமப் புள்ளி.
நீட்டினேன். வாங்கித்
தலைகீழாய்ப் பிடித்தபடி
நெடுநேரம் பார்த்தான்.

நான் அவனிடம் சொல்லாதது
குழாய் ஏழு.
மார்ச்சில் வந்த பள்ளிக்கூடச் சமையல்காரர், அமாதோர்.
ஒன்று புள்ளி ஆறு. அமைதியான எண்.
பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
விடிவதற்குள் போய்விட்டார்.
எண் பொய் சொல்லவில்லை;
அது மாலை ஆறு மணியின் உண்மை.
நள்ளிரவில் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.

புவெர்த்தோ மோன்த்துக்கு மேலே பறக்கும்போதே
எலாதியோவின் நுரையீரலில் தண்ணீர் ஏறியதாம்.
பத்தொன்பது நாள்
அந்த இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது.

ஒத்திலியா நாலாம் நாள் வீட்டுக்கு நடந்தாள்,
இன்னும் இருமிக்கொண்டே.
கணவன் தொப்பியைத் தலையில் வைத்திருந்தான்.
என் பக்கம் திரும்பவில்லை.

ஜூனில் ஒரு வண்டி விறகு வந்து இறங்கியது.
கூடவே எலாதியோ, பாதியாய் இளைத்து, வாய் மட்டும் இளைக்காமல்.
"நல்லாத்தானே இருந்தேன்.
விமானத்தில் ஏற்றித்தான் என்னைச் சீக்காளி ஆக்கினீர்கள்" என்றார்.
நான் மறுக்கவில்லை.
விறகு ஈரம். ஒரு வாரம் புகைந்தது.

இன்றிரவு குழாய் பதினாறு.
ஐஸில் வைக்குமுன் ஒரு கணம்
உள்ளங்கையில் அதன் சூடு.
நள்ளிரவில் இன்னொன்று எடுப்பேன்,
மருத்துவர் கேட்டாலும்
கேட்காவிட்டாலும்.